கற்பகவல்லி கிழித்துக் கொடுத்த தேதி

ஆடிப்பெருக்கு அன்றைக்கே சிவகாசியில் அடுத்த வருடம் பிறந்துவிடும். அன்று காலை அச்சகங்களில் பூஜை போட்டு, வரப்போகிற வருடத்துக் காலண்டர்களின் ஆல்பத்தை வெளியிடுவார்கள். மறுநாளிலிருந்து சீசன். ஊரில் மற்றவர்கள் ஆவணியும் புரட்டாசியுமாக நடந்துகொண்டிருக்க, அச்சகத்துக்காரர்களின் கண்ணும் கையும் மட்டும் அடுத்த வருடத்தில் புழங்கிக்கொண்டிருக்கும்.

சோலைமலைக்கு அது பழகிப் போயிற்று. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, ஏழாயிரம்பண்ணையிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, கட்டிங் மெஷினில் எடுபிடியாகச் சேர்ந்து, பிறகு அதே மெஷினுக்கு ஆபரேட்டர் ஆனவர். கத்தி இறங்குமுன் தாள்கட்டின் ஓரத்தைப் பெருவிரலால் ஒரு தரம் தடவிப் பார்ப்பார். தடவாமல் வெட்டிய கட்டு இதுவரை ஒன்றுகூடக் கிடையாது. அவருடைய தங்கை கற்பகவல்லியும் அதே கம்பெனியில்தான் வேலை பார்த்தாள். டெய்லி காலண்டருக்குத் தாள் அடுக்கிக் கட்டுகிற பைண்டிங் செக்‌ஷனில் அவள் இருந்தாள். யாராவது அவரிடம் வேலைச் சுத்தத்தைப் பாராட்டினால், "நான் என்னங்க, எந்தங்கச்சி அடுக்குன கட்டப் போய்ப் பாருங்க" என்பார்.

அந்த செக்‌ஷன் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆடிப்பெருக்குப் பூஜை முடிந்து சுண்டல் கொடுத்தபிறகு, கட்டி முடித்த முதல் காலண்டரை வட்டமாக உட்கார்ந்து கைமாற்றிக்கொள்வார்கள். கையில் வாங்கியவள் அந்த வருடத்தில் தான் என்ன செய்யப்போகிறாள் என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு அடுத்தவளிடம் கொடுக்க வேண்டும்.

"அடுத்த வருசம் எம் மாமியாகூட ஒரு நா கூடச் சண்ட போட மாட்டேன்" என்று ஒருமுறை இருளம்மாள் சொன்னாள்.

"ஐயையோ மயினி, அப்பறம் அவுகளுக்குப் பொழுது எப்பிடிப் போகும்?"

"நீ வந்து போடு. கூலி தாரேன்."

இப்படிச் சிரிப்பும் கும்மாளமுமாகத்தான் இருக்கும். ஆனால் சொன்னதை யாரும் மறக்க மாட்டார்கள். அடுத்த ஆடிக்கு உட்காரும்போது, போன தடவை சொன்னது என்ன ஆச்சு என்ற கேள்வி முதலில் வரும்.

கற்பகவல்லி ஒவ்வொரு தடவையும் இரண்டு சொல்வாள். ஒன்று வீட்டுக்கு, ஒன்று தனக்கு. வீட்டுக்குச் சொன்னது ஒருநாளும் தவறியதில்லை. தனக்குச் சொன்னது ஒருநாளும் நடந்ததில்லை. கடைவாய்ப் பல்லுக்குக் கேப் போட வேண்டும் என்று சொன்ன வருடம், அதற்கு ஆகும் செலவைக் கேட்டுவிட்டுப் பல்லையே பிடுங்கிக்கொண்டு வந்தாள். திருச்செந்தூர் போய் ஒரு ராத்திரி தங்கிக் கடலைப் பார்க்க வேண்டும் என்பதை இரண்டு வருடம் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். ஸ்கூட்டர் ஓட்டப் படித்தாளே என்றால், அது பஸ் காசு மிச்சமாகுமென்று வீட்டுக் கணக்கில் செய்தது.

வீடு வெம்பக்கோட்டை ரோட்டில் இருந்தது. அப்பாவின் கரிசல் காட்டை விற்றபோது வந்த பங்கில் கற்பகம் மனை வாங்கினாள். கட்டுவதற்குப் பேங்கில் பதினைந்து வருடக் கடன். கணவன் பிரபாகரன் லோடு வேன் ஓட்டினான். இரண்டு பேர் வருமானத்தில் டியூ கட்டலாம். ஆனால் பதினைந்து வருடமும் கட்ட வேண்டும். வீடு முடிந்து பால் காய்ச்சிய அன்று ராத்திரி, சுண்ணாம்பு வாசம் போகாத கூடத்தில் பாய் விரித்து, மகள் துர்காவோடு மூன்று பேரும் படுத்தார்கள். காலையில் கற்பகம் தன் அண்ணனிடம் வந்து சொன்னாள்:

"அண்ணே, வீட்ட வாடகைக்கு விடப்போறேன்."

"கிறுக்கியாட்டி நீ? ஒரு ராத்திரிகூட முழுசாத் தூங்கியிருக்க மாட்ட."

"தூங்கலதான். படுத்துக்கிட்டே கணக்குப் பாத்தேன். நாங்க அச்சாபீசுக்குப் பின்னால காம்பவுண்டுல ரெண்டு ரூம் எடுத்துக்கிடுதோம். இந்த வாடகைய அப்பிடியே அசல்ல கட்டுனா பாதிக் காலத்துல கடன் முடிஞ்சிரும். துர்கா பெரிய பிள்ள ஆகுததுக்குள்ள திரும்ப வந்திருவோம்."

துர்காவுக்கு அப்போது பத்து வயது.

கணக்கு பலித்தது. வாடகை மொத்தமும், தீபாவளி போனஸ் மொத்தமும், சீசனில் கிடைக்கிற ஓவர்டைம் பணமும் பேங்குக்குப் போயின. ஒவ்வொரு தரம் கூடுதலாகக் கட்டும்போதும் கவுன்டரில் நின்று, "அசல்ல கழிச்சாச்சா, காட்டுங்க" என்று கம்ப்யூட்டரைத் திருப்பச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் நகருவாள். அங்கே இருந்த அதிகாரி ஒருவர், "நீங்க ஒரு ஆளு போதும்மா, பேங்க இழுத்து மூடுறதுக்கு" என்று கேலி செய்வாராம். அதை அவள் வந்து சொல்லும்போது சோலைமலைக்குப் பெருமையில் மீசை துடிக்கும். பேங்க் அதிகாரிக்கே தன் தங்கையைத் தெரிந்திருக்கிறது என்று டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்வார்.

அவருக்குத் தெரிந்த இன்னொன்றை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாடகை வாங்கப் போகும்போது கற்பகம் சில தடவை அவரையும் கூட்டிப்போவாள். குடியிருந்தவர்கள் ஞானசீலன் என்ற கணக்கு வாத்தியாரும் அவர் மனைவி ரீனாவும். ரீனா ஆஸ்பத்திரியில் நர்ஸ். தங்கமான ஆட்கள். கூடத்தில் நாற்காலி போட்டு டீ கொடுப்பார்கள். கற்பகம் தன் வீட்டில், தான் தேர்ந்தெடுத்த தரைக்கல்லின் மேல், முட்டியைச் சேர்த்துவைத்து விருந்தாளியாக உட்கார்ந்திருப்பாள். எழுந்து புறப்படும்போது வாசல் நிலையை உள்ளங்கையால் ஒருமுறை தொட்டுவிட்டு வருவாள். செருப்பு மாட்டுவதற்குப் பிடித்துக்கொள்வது போலத்தான் இருக்கும். அவள் செருப்பு மாட்டுவதற்கு எதையும் பிடிப்பதில்லை என்பது அண்ணனுக்குத் தெரியும்.

வருடங்கள் போயின. காம்பவுண்டுக் குழாயடியில் வரிசைக்கு நிற்கிற வயதைத் தாண்டி, அதற்கு வெட்கப்படுகிற வயதுக்குத் துர்கா வந்துவிட்டாள். போன வருடம் பன்னிரண்டாம் வகுப்பு. அது முடிந்தால் கல்லூரி, கோயம்புத்தூரோ சென்னையோ, எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே. அந்த ஆடிப்பெருக்கில் காலண்டர் கைக்கு வந்தபோது கற்பகம் இரண்டு சொல்லவில்லை.

"தீபாவளி போனஸோட கடன் முடியுது. கார்த்திகையில நாங்க குடி போறோம். பரீட்ச வரைக்குமாவது எம் மக அந்த வீட்டுல இருந்து பள்ளிக்கொடத்துக்குக் கிளம்பணும்."

"அடுத்த வருசத்தக் கையில வச்சிக்கிட்டு இந்த வருசத்தப் பேசுதா பாருங்க" என்றாள் இருளம்மாள். எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிக்காமல் ஒருத்தியாவது அதை யோசித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

ஆவணிக் கடைசியில் ஒருநாள், கற்பகத்தின் முன்னால் கார்த்திகை மாதத் தாள்கள் குவியல் குவியலாக வந்து இறங்கின. அடுக்கிக்கொண்டே வந்தவள் ஒரு தேதியில் நின்றாள். கார்த்திகை பதினொன்று, வியாழக்கிழமை, வளர்பிறை முகூர்த்தம். மை இழுவிக் கழித்துப்போட்ட தாள் ஒன்றிலிருந்து அந்தத் தேதியை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டு கட்டிங் மெஷினுக்கு ஓடி வந்தாள்.

"அண்ணே, இதப் பாருங்க. குடி போக நல்ல நாளா?"

சோலைமலை கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். திதி பார்த்தார், நட்சத்திரம் பார்த்தார். எமகண்டம் ஏழரைக்கு முடிவதைப் பார்த்தார்.

"ஏழரைக்கு மேல பால் காய்ச்சிரலாம். நல்ல நாளு தாயி. இதவிட நல்ல நாளு வராது."

மேலே மூலையில் வருடம் போட்டிருந்தது. அதை இரண்டு பேரும் பார்க்கவில்லை. செங்கல் சூளையில் இருப்பவன் சூட்டைப் பார்ப்பதில்லை. ஒரு மாதமாகத் தொட்ட தாள் அத்தனையிலும் அந்த ஒரே எண்தான் இருந்தது.

அன்று சாயங்காலமே கற்பகம் ரீனாவிடம் அந்தத் தாளைக் கொடுத்தாள். "இந்தத் தேதிக்கு நாங்க குடி வரணும்மா. தோதா ஒரு வீடு பாத்துக்கிடுங்க" என்றாள். ரீனா தாளைப் பார்த்தாள். முகம் மலர்ந்து, "ரொம்ப நன்றிக்கா, இம்புட்டு முன்னாலயே சொல்லுதீகளே" என்றாள். என்ன நல்ல பெண், காலி செய்யச் சொன்னதற்கு நன்றி சொல்கிறதே என்று கற்பகம் வியந்து வந்து அண்ணனிடம் சொன்னாள். அதற்குப் பிறகு சீசன் நெருக்கடி. ஞாயிற்றுக்கிழமையும் வேலை. வாடகை போனிலேயே வந்துவிட்டதால் அந்தப் பக்கம் போகவே நேரமில்லை.

தீபாவளிக்கு முதல் வாரம் கடன் முடிந்தது. பதினைந்து வருடக் கடனை ஏழு வருடத்தில் முடித்திருந்தாள். அந்தத் தீபாவளிக்குச் சோலைமலை தங்கைக்குப் பட்டு எடுத்துக் கொடுத்தார். தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை அதையே கட்டிக்கொண்டு, அதிரசத்தைத் தூக்குவாளியில் போட்டு எடுத்துக்கொண்டு அண்ணனோடு வெம்பக்கோட்டை ரோட்டுக்குப் போனாள். மூட்டை கட்ட ஆரம்பித்திருப்பார்கள், கூடமாட ஒத்தாசை செய்யலாம் என்ற எண்ணம்.

ஒரு அட்டைப்பெட்டிகூட இல்லை. கூடத்துச் சுவரில் புதிதாக ஒரு அலமாரி அடித்திருந்தது.

"வாங்கக்கா, வாங்கண்ணே, உக்காருங்க. தீவாளிக்குப் பட்டா! நல்லா இருக்குக்கா" என்று ரீனா நாற்காலி எடுத்துப் போட்டாள். ஞானசீலன் உள்ளேயிருந்து வந்தார். கை முழுக்க சிமென்ட் வெள்ளை.

"என்ன சார், கையெல்லாம் இப்பிடி?" என்றார் சோலைமலை.

"நம்ம சைட்டுக்குப் போயிட்டு இப்பத்தான் வந்தேன். சாத்தூர் ரோட்டுல வீட்டு வேல ஆரம்பிச்சிருக்கோம்லா. அஸ்திவாரம் முடிஞ்சி சுவர் எழும்பிருச்சி."

"எல்லாம் அக்கா குடுத்த தெம்பு" என்றாள் ரீனா. "நீங்க மட்டும் உடனே காலி பண்ணுங்கன்னு சொல்லியிருந்தா இந்த வருசம் கடப்பாரையே எடுத்திருக்க மாட்டோம். வேற வீட்டுக்குப் போனா அட்வான்ஸு, ரெட்டை வாடக, அதுக்கு மேல லோன் டியூ. முடியுமாக்கா? நீங்க ஒரு வருசத்துக்கு மேல தவண குடுத்தீக. அதான் துணிஞ்சி லோன் போட்டோம். கார்த்திகைக்குள்ள முடிச்சிரணும்னு இவுக எழுதியே வச்சிருக்காக. பாருங்க."

அடுக்களைக் கதவில் அந்தத் தாள் ஒட்டியிருந்தது. கார்த்திகை பதினொன்று, வியாழன். கீழே ஞானசீலனின் கையெழுத்தில் ‘நமது வீட்டில்’ என்று இருந்தது. மேலே மூலையில் வருடம். 2025.

சோலைமலை அதைப் படித்தார். ஒரு தரம் கண்ணை மூடித் திறந்து மறுபடியும் படித்தார். இந்தக் கார்த்திகையில் பதினொன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை வருகிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தேய்பிறை வேறு.

தங்கையைப் பார்த்தார். அவளும் அந்தக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டுச்சேலையின் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அது வந்தும்மா, அந்தத் தாள்ல..." என்று சோலைமலை ஆரம்பித்தார்.

"அண்ணே." கற்பகம் அவரைப் பார்க்காமலே சொன்னாள். "தூக்குவாளியத் தாங்க."

அவர் கொடுத்தார். அவள் அதிரசத்தை எடுத்து ரீனாவின் கையில் வைத்தாள். "வட்டி எம்புட்டும்மா போட்டிருக்கான்?" என்று கேட்டாள். ரீனா சொன்னாள். "வருசம் ஒரு டியூவாவது கூடக் கட்டுங்க. கட்டும்போது அசல்ல கழிக்கச் சொல்லணும். சொல்லலன்னா அவன் பாட்டுக்கு வச்சிக்கிடுவான்" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. டீ வந்தது. குடித்தாள். சோலைமலை தன் டீயைத் தொடவில்லை.

எழுந்து வாசல் வரைக்கும் வந்தவள் நின்றாள். சொல்லப்போகிறாள் என்று அவர் நினைத்தார். சொல்லட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டார்.

"சார், ஒண்ணு கேக்கணும்."

"சொல்லுங்கக்கா."

"எங்க துர்காவுக்குக் கணக்குதான் கொஞ்சம் இடிக்கி. சாயந்தரம் இங்கன வந்து உக்காந்து படிக்கட்டுமா? நீங்க ரொம்பச் சொல்லிக்குடுக்கணும்னு இல்ல. கூடத்துல ஒரு ஓரமா உக்காந்துக்கிடுவா."

"என்னக்கா இது? உங்க வீட்டுல உக்காந்து படிக்கதுக்கு எங்கிட்டயா கேக்கது? நாளைக்கே அனுப்புங்க."

தெரு முக்குத் திரும்பும்வரை சோலைமலை அடக்கிக்கொண்டு நடந்தார். அப்புறம் முடியவில்லை.

"ஏன்ட்டி, உனக்கு வாய் செத்தா போச்சு? அது நம்ம தப்பு, ஒத்துக்கிடுதேன். தப்புன்னு சொல்லிட்டு தைக்குள்ள காலி பண்ணச் சொன்னா அவுக மாட்டேன்னா சொல்லுவாக?"

"சொல்ல மாட்டாக. காலி பண்ணிருவாக."

"அப்பறம்?"

"சுவர் நிக்கும்லா அண்ணே. பாதிச் சுவரோட." அவள் நின்றுவிட்டாள். "அவ எடுத்திருக்கது என் தேதி. நான் கிழிச்சுக் குடுத்தது. அதப் பாத்துத்தான் அவுக வருசத்தையே அடுக்கியிருக்காக. ஒரு தாள உருவுனா கட்டு என்னாகும்னு நமக்குத் தெரியாதா?"

"உன் கட்டு என்னாகுது? அதச் சொல்லு."

அவள் மறுபடி நடக்க ஆரம்பித்தாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பட்டுத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். வெயிலுக்குத் துடைக்கிறாள் என்று எதிரே வந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

காம்பவுண்டு வீட்டில் பிரபாகரன் எல்லாவற்றையும் கேட்டான். "ஒரு வருசம்தான. ஏழு வருசம் இருந்தாச்சு" என்றான். துர்காதான் சிரித்தாள்.

"அம்மா, நீங்க அடுக்குத காலண்டருக்குப் பூரா வருசம் போடாம விட்டாங்கன்னு வையி, நீங்க பாட்டுக்கு அடுத்த நூற்றாண்டுக்குப் போயிருவீங்க. போகட்டும் விடும்மா. காலேஜு லீவுக்கு வருவேன்ல, அப்ப அந்த வீட்டுல இருந்துக்கிடுதேன்."

"லீவுக்கு வாரது வேற துர்கா" என்றாள் கற்பகம். அரிசி களைய உள்ளே போய்விட்டாள். "மாமா, அம்மா அழுதாளா?" என்று துர்கா கிசுகிசுத்தாள். சோலைமலை, "உங்கம்மா என்னைக்குட்டி அழுதிருக்கா" என்று அதட்டினார்.

மறுநாளிலிருந்து துர்கா பள்ளிக்கூடம் விட்டு நேரே வெம்பக்கோட்டை ரோட்டுக்குப் போனாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் கற்பகம் ஸ்கூட்டரில் போய்க் கூட்டிவருவாள். சாப்பிடும்போது கணக்கு எப்படிப் போகிறது என்று கேட்க மாட்டாள். கூடத்தில் எந்தப் பக்கம் உட்கார்ந்தாய், காற்று வருகிறதா, மழைக்குச் சன்னல் வழியாகச் சாரல் அடிக்கிறதா என்று கேட்பாள். "ஏம்மா, நான் பரீட்சைக்குப் படிக்கப் போறேனா, வீட்டுக்கு இன்ஜினீயர் வேல பாக்கப் போறேனா?" என்று துர்கா சலித்துக்கொண்டாலும் சொல்லத்தான் செய்தாள். மொட்டைமாடிப் படியில் ஐந்தாவது படி மட்டும் கொஞ்சம் உயரம் என்றாள். கொத்தனாரிடம் அன்றைக்கே சொன்னேன், கேட்கவில்லை என்று கற்பகம் ஏழு வருடத்துக்கு முந்தைய கோபத்தை அன்று புதிதாகப் பட்டாள்.

மார்கழி பிறந்தது. ஒருநாள் சாயங்காலம் சோலைமலை வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு துக்கம் விசாரித்துவிட்டு வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக்கு எதிரே, வெளிச்சம் படாத இடத்தில் கற்பகத்தின் ஸ்கூட்டர் நின்றது. அதன் மேல் சாய்ந்தபடி அவளும் நின்றாள். வேலைக்குக் கட்டிய சேலை, முந்தானையில் காகிதத் தூசி.

வண்டியை அணைத்து உருட்டிக்கொண்டே பக்கத்தில் போனார்.

"இங்கன என்ன நிக்க? உள்ள போக வேண்டியதான?"

"நான் போனா அவ எந்திரிச்சிருவா. படிக்கட்டும்."

"எம்புட்டு நேரமா நிக்க?"

"இப்பத்தான்."

அது பொய் என்று ஸ்கூட்டரின் இன்ஜினைத் தொட்டதுமே தெரிந்தது. ஆறிப்போய்க் கிடந்தது.

வாசல் கதவு திறந்திருந்தது. ட்யூப்லைட் வெளிச்சத்தில் கூடம் முழுக்கத் தெரிந்தது. துர்கா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு தம்ளர். ரீனா உள்ளேயிருந்து ஏதோ கேட்டாள். துர்கா தலையை நிமிர்த்தாமல் பதில் சொன்னாள். அவள் இன்னொரு ஊருக்குப் போக இன்னும் சில மாதங்கள் இருந்தன.

"பின்ன ஏன் கேட்டேன்னு நெனச்சீக, டியூசனுக்கு?" என்று கற்பகம் மெதுவாகக் கேட்டாள்.

"இப்பத்தான் வெளங்குது" என்றார் சோலைமலை.

அப்போது துர்கா எழுந்தாள். பனிக்குக் குளிர்ந்ததோ என்னவோ, ஒரு கையில் நோட்டைப் பிடித்துப் படித்துக்கொண்டே சுவரோரம் நடந்து போனாள். மறுகையைப் பக்கவாட்டில் நீட்டி ஃபேனை அணைத்தாள். பலகையில் வரிசையாக ஏழெட்டு சுவிட்ச் இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. விரல் நேராக அதன் மேல்தான் போய் விழுந்தது. அப்படியே திரும்பி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

கற்பகம் அண்ணனின் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"பாத்தீகளா அண்ணே?"

"பாத்தேன் தாயி."

"பாக்காமயே அணைச்சா."

"ஆமா."

அவள் சட்டையை விடவில்லை. சோலைமலை வண்டியின் ஸ்டாண்டைப் போட்டுவிட்டு அவளோடு நின்றார்.